நத்தமும் வீட்டு வரியும்: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் அமைந்த சிற்றூர் குயிலாப்பாளையம். புதுச்சேரி நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே இறங்கினால் மீனவர் குப்பங்கள், மேற்கே ஆரோவில், கடலை வலக்கைப் புறம் வைத்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் மரக்காணத்தோடு பொருத்திக் காண்பர். அதனால் இலக்கியம் பயில்வோர்க்கு இக்கடற்கரை நெய்தலின் நிலமாகவே மனத்தில் பதிந்துள்ளது. இங்குக் குடியிருப்போர்க்கோ இது நத்தமும் புறம்போக்குமாகப் பிரிந்து கிடக்கும் நிலம். குடும்ப அட்டையோடு சேர்த்து அவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கும் தாள் ஒன்று உண்டு. அது வீட்டு வரி ரசீது.

வரி கட்டியதற்கான சீட்டைப் பத்திரம் போலப் பேணும் வழக்கம் வியப்புக்குரியது. தொகை சிறியது, அதைக் கொண்டு ஊராட்சி செய்யும் பணியும் பெரிதன்று. எனினும் சீட்டு தொலைந்தால் குடும்பம் கலங்குகிறது. இதன் காரணத்தை அறிய நத்தம் என்னும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் தேவதான ஊர்களைக் கூறுமிடத்து, முதலில் ஊரின் மொத்த நிலத்தை அளந்து சொல்லும். பின்னர் அதிலிருந்து இறையிலி நிலத்தைக் கழிக்கும். கழிக்கப்படுவனவற்றுள் ஊர்நத்தம் இடம்பெறும். கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவையும் அவ்வரிசையில் வரும். விளைகின்ற நிலம் இறை இறுக்கும். மக்கள் உறங்கி எழும் நிலம் இறுக்காது என்பதே அக்கணக்கின் அடிப்படை. இதனால் வீடுகள் எவ்வரியும் இன்றி இருந்தன எனக் கொள்ளுதல் பிழையாகும். மனையிறை என்னும் வரி சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் ஆகியவற்றோடு சேர்ந்து காணப்படுகிறது. விசயநகர வேந்தர் காலத்தில் வாசற்பணம் வந்தது. நிலத்தின் மீது வரி இல்லை, வாசலின் மீது உண்டு என்னும் இந்த நுட்பமான வேறுபாடு இன்றளவும் தொடர்கிறது.

வீட்டுக்கும் ஊராட்சிக்கும் உள்ள உறவைக் காட்டும் இன்னொரு சான்று உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள், வாரியத்துக்குக் குடவோலை இடப்பெறுவோன் தன் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாகவும் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் உடையவனாகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. அது பிராமணர் ஊரின் சபை. குடவோலையைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் மேடைகளில் இவ்விரண்டு செய்திகளும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. மனையும் இறை நிலமும் இல்லாதவர்க்கு அச்சபையில் இடம் இல்லை என்பதே அவ்விதியின் பொருள்.

ஆங்கிலேயரின் இரயத்துவாரி முறையும் நத்தத்தைத் தீர்வைக்கு உட்படுத்தாமல் விட்டது. வயலுக்குப் பட்டா, தீர்வை, சர்வே எண் எல்லாம் உண்டு. வீடு இருந்த இடத்துக்கோ கிராம நத்தம் என்ற பொதுப்பெயர் மட்டுமே இருந்தது. தீர்வை இல்லாததனால் பட்டாவும் இல்லை. பட்டா இல்லாததனால் குடியிருப்பவர் பெயர் வருவாய்த் துறையின் கணக்கில் ஏறவில்லை. அரசு வரி கேட்காத இடத்தில் அரசின் ஆவணமும் இருப்பதில்லை. தலைமுறைகள் வாழ்ந்த மனைக்குக் கையில் ஒரு தாளும் இல்லாத நிலை இவ்வாறு உண்டாயிற்று.

தாள் வந்தது வேறொரு வாயில் வழியே. அதன் தொடக்கம் கல்கத்தாவில் உள்ளது. மேயோ பிரபு 14 டிசம்பர் 1870 அன்று வெளியிட்ட தீர்மானம் கல்வி, மருத்துவம், சாலை, காவல் முதலிய துறைகளை மாகாணங்களின் பொறுப்பில் விட்டது. அவற்றுக்கென ஆண்டுதோறும் நிலையான ஒரு தொகை தரப்படும் எனவும் கூறியது. அத்தொகை முன்னர்ச் செலவிட்டதினும் குறைவு. குறையை மாகாணங்கள் சிக்கனத்தாலும் உள்ளூர் வரியாலும் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும் என்பது உட்கிடை. மறு ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டு 4ஆம் சட்டம் பிறந்தது. நிலத்தீர்வையோடு சேர்த்துச் சாலைக்கெனச் செஸ் விதிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்கென வீட்டு வரி தண்டவும் வழி செய்யப்பட்டது. மக்கள் வீட்டு வரியைக் கடுமையாக வெறுத்தனர். அது விரைவில் கைவிடப்பட்டது.

ஆயினும் அக்கருத்து மடியவில்லை. ரிப்பன் பிரபுவின் 18 மே 1882 தீர்மானத்தைத் தன்னாட்சியின் விடியலாகப் போற்றுவது வழக்கம். அதனை ஒட்டிச் சென்னை மாகாணம் இயற்றிய 1884ஆம் ஆண்டு 5ஆம் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என இரண்டு அடுக்குகளை நிறுவியது. அவற்றின் கீழ்ச் சிற்றூர்களைத் தொகுத்து யூனியன்கள் அமைத்தது. யூனியன் பஞ்சாயத்தின் முதன்மை வருவாய் வீட்டு வரியே. தெருவிளக்கு, துப்புரவு, குடிநீர் ஆகியவை அதன் பணிகள். கிராம முனிசீப்புகள் பதவி வழியால் அதன் உறுப்பினராயினர். நாட்டுப்புற வீட்டு வரி, மேலிருந்த அரசு பணம் தரத் தயங்கிய இடத்தில் பிறந்தது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். தன்னாட்சி என்னும் சொல் அதற்குப் பின் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் இக்கடற்கரையிலிருந்து மேலிருந்த அரசுக்குச் சென்ற பணம் எது? உப்பு. கிழக்கிந்தியக் கும்பினி 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கியது. மரக்காணத்துப் பாத்திகளில் வெயிலில் நின்று வாரிய உப்பின் மீதான வரி, அள்ளியவர் ஊருக்கு வராமல் கருவூலத்துக்குச் சென்றது. உப்பு வரி 1 ஏப்ரல் 1947 அன்று ஒழிந்தது. எனினும் அரசமைப்புச் சட்டம் உப்பை நடுவணரசின் பட்டியலிலேயே வைத்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டப்பட்ட உப்பு மேல்வரியும் தில்லிக்கே சென்றது. மரக்காணத்து அளங்களில் ஒரு பகுதி நடுவணரசின் உடைமை. உப்புத் துறை அவற்றைக் குத்தகைக்கு விட்டு வந்தது.

இங்கு 285ஆம் உறுப்பு குறுக்கிடுகிறது. நடுவணரசின் சொத்துக்கு மாநிலமோ அதன்கீழ் உள்ள உள்ளாட்சியோ வரி விதித்தல் கூடாது என்பது அதன் விதி. அரசமைப்புக்கு முன்பே வரிக்கு உட்பட்டிருந்த சொத்துகளுக்கு மட்டும், நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை, விலக்கு இல்லை. ஆகவே உப்பளத் தொழிலாளியின் கூரை வீட்டுக்கு வரி உண்டு. அவர் கூலி பெறும் அளத்தின் அருகே நிற்கும் உப்புத் துறைக் கட்டடத்துக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2009இல் இராசகோட்டு மாநகராட்சி வழக்கில், இத்தகைய கட்டடங்கள் பெறும் வசதிகளுக்குச் சேவைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்னும் ஏற்பாட்டை வகுத்தது. கட்டணம் வேறு, வரி வேறு. வரி கேட்க உரிமை உண்டு. கட்டணத்துக்கு உடன்பாடு வேண்டும். மாநகராட்சி தில்லியோடு உடன்பாடு பேசலாம். ஒரே எழுத்தரைக் கொண்ட கிராம ஊராட்சி பேசுமா என்பது ஐயத்துக்குரியது.

விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அது வீட்டு வரியை ஊராட்சியின் கட்டாய வரியாக்கியது. அதனோடு ஒரு புதுமையையும் சேர்த்தது. ஊராட்சி எவ்வளவு வீட்டு வரி தண்டுகிறதோ அவ்வளவு தொகையை மாநில அரசு இணை மானியமாகத் தரும். ஊரில் திரண்ட ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாயிற்று. வரி கேட்டு வரும் தலைவரிடம் முகம் சுளிப்பவர்க்கு அவர் சொல்வதற்கு ஒரு விடை இருந்தது: நீங்கள் தருவதன் அளவே சென்னையும் தரும். மேலிருந்து வரும் பணத்தின் அளவைக் கீழிருப்பவரின் முயற்சி தீர்மானித்தது. உள்ளாட்சி நிதி வரலாற்றில் இதற்கு ஒப்பான சிந்தனை மிகச் சிலவே.

இதில் ஒரு குறையும் உண்டு. வீடுகள் கூரை, ஓடு, காரை என வகுக்கப்பட்டு அதற்கேற்ப வரி பெறும். நெல் விளையும் ஆற்றங்கரை ஊரில் ஓட்டு வீடுகள் மிகுதி. அங்கு வரியும் மிகும், மானியமும் மிகும். முந்திரிக் காட்டையும் உப்பளத்தையும் நம்பிய கடற்கரை ஊரில் கீற்றும் பனையோலையுமே கூரை. அங்கு வரி சிறிது. ஆகவே மானியமும் சிறிது. இருப்பவனுக்கு இரட்டிப்பதே இதன் விளைவு. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இக்கடற்கரையைச் சூறையாடியதும், பெஞ்சல் புயல் 2024 நவம்பர் இறுதியில் இப்பகுதியிலேயே கரை கடந்ததும் அனைவரும் அறிந்தவை. புயலுக்குப் பின் வரி விதிப்பதற்குரிய வீடே நிற்காத ஊர் எதனை இணை வைத்து மானியம் கேட்கும்?

தில்லியின் பணம் நேரே கிராமத்துக்கு வரத் தொடங்கியது 1989இல். அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் செலவில் நூற்றுக்கு எண்பது பங்கை நடுவணரசு ஏற்றது. பணிகளை ஊராட்சிகள் நடத்தின. இராசீவ் காந்தி அரசு கொணர்ந்த 64ஆம் திருத்த மசோதா அதே ஆண்டு அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. நரசிம்மராவ் ஆட்சியில் நிறைவேறிய 73ஆம் திருத்தம் 24 ஏப்ரல் 1993 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் புதிய ஊராட்சிச் சட்டம் 1994இல் வந்தது. ஊராட்சித் தேர்தல் 1970க்குப் பின் 1986இலும், அதன்பின் 1996இலும் நடந்ததை நினைத்துப் பார்த்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்னும் கட்டளை எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

அத்திருத்தம் 280ஆம் உறுப்பில் சேர்த்த ஒரு சிறு கூறே இங்கு முதன்மையானது. ஊராட்சிகளின் வளத்துக்குத் துணையாக மாநிலத்தின் தொகுநிதியைப் பெருக்க வேண்டிய வழிகளை நடுவண் நிதி ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்பது அக்கூறு. நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீது வரி விதிக்கும் உரிமை மாநிலப் பட்டியலில் 49ஆம் பதிவாக முன்போலவே நின்றது. ஆகவே வீட்டு வரியின் வழி ஒன்று, மானியத்தின் வழி ஒன்று என இரண்டு தனி வழிகள் உண்டாயின.

பத்தாம் நிதி ஆணையம் இக்கூறு வருமுன்னரே அமைந்ததாயினும், ஊராட்சிகளுக்கென முதன்முதலாகத் தொகை ஒதுக்கியது அதுவே. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊர்ப்புற மக்கள் ஒருவருக்கு நூறு ரூபாய் என்ற அளவில் 4,380.93 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. ஊராட்சிகளும் தம் பங்காக ஒரு தொகையைத் திரட்ட வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. இணை மானியத்தின் எதிரொலி அதில் கேட்கிறது. பின்னர் வந்த ஆணையங்களில் தொகை வளர்ந்தது: பதினொன்றாம் ஆணையம் 8,000 கோடி, பன்னிரண்டாம் ஆணையம் 20,000 கோடி. பதினான்காம் ஆணையம் (2015-20) கிராம ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டில் இரண்டு இலட்சம் கோடியைத் தாண்டியது. அது ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 488 ரூபாய். நால்வர் வாழும் கூரை வீட்டின் பெயரால் இவ்வாறு வரக்கூடிய பணம் இரண்டாயிரம் ரூபாயை நெருங்கும். அவ்வீடு கட்டும் ஆண்டு வரி அதன் சிறு பின்னமே.

தலை எண்ணிப் பகிர்வதில் நீதி உண்டு என்பதை மறுத்தற்கில்லை. கூரை வீட்டினரும் காரை வீட்டினரும் அக்கணக்கில் ஒன்றே. 1958இன் முறையில் பின்தங்கிய கடற்கரை ஊர்கள் இம்முறையில் நிமிர முடியும். ஆயின் ஒன்று அறுந்தது. ஊரார் வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும் தலைக்கணக்கு மாறுவதில்லை. வரியை உயர்த்தித் தெருவில் பகை தேடிக்கொள்ளத் தலைவர் எவரும் விரும்பார். பதினான்காம் ஆணையம் இதனை உணர்ந்தே பத்தில் ஒரு பங்கைச் செயல்திறன் மானியம் எனப் பிரித்து, தணிக்கை செய்த கணக்கும் சொந்த வருவாயில் உயர்வும் காட்டும் ஊராட்சிக்கே அது உரியது என்றது. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற எளிமை அதில் இல்லை. பதினைந்தாம் ஆணையம் 2021 முதல் ஊராட்சி மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டியது. செலவிடும் இனத்தைத் தில்லி சொல்லும் என்றாயிற்று.

பணம் தலையைப் பொறுத்து வருவதுபோல், தேர்தலைப் பொறுத்து நிற்பதும் உண்டு என்பதை விழுப்புரம் மாவட்டம் கற்றுக்கொண்டது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அம்மாதம் 4ஆம் நாள் செல்லாது என்றது. அம்மாத இறுதியோடு ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்குப் பதினான்காம் ஆணையத்தின் மானியம் இல்லை என நடுவணரசு நிறுத்தி வைத்தது. 2019 டிசம்பரில் ஏனைய மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தபோதும், கள்ளக்குறிச்சி புதிய மாவட்டமாகப் பிரிந்ததன் காரணமாக விழுப்புரம் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. இங்கு வாக்குப்பதிவு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் நடந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு இக்கடற்கரை ஊர்களுக்குத் தலைவர் இல்லை.

தேர்தலை நிறுத்தியவர் எவராயினும் குயிலாப்பாளையத்துக் குடிமக்கள் அல்லர். மானியம் நின்றதன் சுமை அவர்கள் போன்றோர் மீதே விழுந்தது. இவ்வைந்தாண்டில் வீட்டு வரி மட்டும் நிற்கவில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை அது கேட்கப்பட்டது; தனி அலுவலருக்கு மன்றத்தின் அதிகாரம் முழுதும் உண்டு. பிரதிநிதி இல்லாமல் வரி உண்டு, பிரதிநிதி இல்லாததனால் மானியம் இல்லை என்னும் இருமுனைக் கத்தியின் கூர்மையைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னும் வியப்பான காட்சி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உள்ளது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே காலாப்பட்டு தனித் துண்டாகப் புதுச்சேரிக்கு உரியது. பிரெஞ்சு அரசு 1880இலேயே புதுச்சேரியில் கொம்யூன்களை நிறுவியது. நகராட்சி மரபு அங்கு நூற்றாண்டைக் கடந்தது. விடுதலைக்குப் பின்னரோ 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலை அடுத்து 2006இல்தான் அடுத்த தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் உரிய காலத்தில் மறுதேர்தல் நடக்கவில்லை. 280ஆம் உறுப்பு மாநிலத்தைப் பற்றியே பேசுவதால், ஒன்றியப் பகுதியாகிய புதுச்சேரியின் உள்ளாட்சிகள் நிதி ஆணைய மானியத்தின் வட்டத்துக்குள்ளும் வரவில்லை. ஒரே காற்று, ஒரே கடல், ஒரே பேச்சு. சாலையின் எல்லைக் கல் ஒன்றே இரண்டு நிதி வரலாறுகளைப் பிரிக்கிறது.

இனி ரசீதுக்குத் திரும்பலாம். நத்தத்துக்குப் பட்டா இல்லை என்ற பழைய குறையைத் தீர்க்கத் தமிழ்நாட்டு அரசு 1980களின் இறுதியில் நத்தம் நிலவரித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டு மனைகள் அளக்கப்பட்டுத் தோராயப் பட்டாக்கள் தரப்பட்டன. அளவைக்கு வந்தவரிடம் இது என் வீடு என்று காட்ட வாய்ச்சொல்லுக்கு அடுத்தபடி பலரிடம் இருந்தது பழைய வரிச் சீட்டே. மின் இணைப்புக்கும் குடும்ப அட்டைக்கும் அதுவே துணை. வீட்டு வரி ரசீது உரிமை ஆவணம் ஆகாது, அனுபவத்துக்கு ஒரு சான்றே ஆகும் என நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. சட்டத்தின் பார்வையில் அது சரி. வேறு தாளே இல்லாதவர்க்கு அச்சான்றுதான் கையிருப்பு. அதிலும் புறம்போக்கில் குடிசை போட்டவர் நிலை கடினம். தம் குடிசைக்கு வரி விதிக்குமாறு அவர்களே விண்ணப்பத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் நிற்பர். வரி கேட்டு அரசு குடிமகனைத் தேடிச் செல்லும் என்பது பொது நினைப்பு. இங்குக் குடிமகன் வரியைத் தேடிச் செல்கிறான். 1871இல் பாட்டன்மார் வெறுத்து ஒதுக்கிய வரி அதுவே.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட பின் குயிலாப்பாளையத்தின் தோற்றம் மெல்ல மாறிற்று. முந்திரித் தோப்புகளின் இடத்தில் கடைகளும் விருந்தினர் இல்லங்களும் எழுந்தன. மனையின் விலை உயர்ந்தது. விலை உயர உயர ஆவணத்தின் தேவையும் உயரும். மாநில அரசின் 1999ஆம் ஆண்டு வரி விதிப்பு விதிகளும், அண்மை ஆண்டுகளில் வந்த இணையவழிச் செலுத்துகையும் வரி கட்டுதலை எளிதாக்கியுள்ளன. கையெழுத்துச் சீட்டின் இடத்தில் அச்சுத் தாள் வருகிறது. பெட்டியில் பூட்டும் வழக்கம் போகவில்லை.

உத்திரமேரூர் விதியின் சிறு எச்சம் ஒன்றும் இன்றைய சட்டத்தில் உள்ளது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு உண்டு; மனையோ இறை நிலமோ வேண்டா. எனினும் ஊராட்சிக்கு வரிப் பாக்கி வைத்தவர் அதன் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர். 2021 செப்டம்பரில், ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் விழுப்புரம் மாவட்டத்தில் வேட்புமனுத் தாக்கல் தொடங்கியபோது, தலைவர் பதவியை நாடிய ஒவ்வொருவரும் மனுவை நிரப்புமுன் தம் வீட்டு வரிக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. பாக்கி இல்லை என்னும் சான்றில் கையொப்பமிட அப்போது ஊரில் தலைவர் எவரும் இல்லை. ஊராட்சியின் பொறுப்பு தனி அலுவலரிடமே இருந்தது.